நான்கு மூலையிலும் அறுந்த கோடுகள்

“நாலு மூலையும் செத்துக் கெடக்கு, பேச்சி.”

ஹமீது அண்ணாச்சி செம்புத் தகட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். வெளியே ஐப்பசி வெயில். மழை வர வேண்டிய மாதத்தில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்ட வருடம் அது.

தகடு முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகள். நடுவில் இருந்தவையெல்லாம் சீப்பால் வாரிய தலைமுடிபோலக் கோடு கோடாகத் தெளிவாக இருந்தன. மூலைக்கு ஒன்றாக நான்கு போர்டுகளில் மட்டும் கோடுகள் பாதியில் நின்றுபோயிருந்தன. எலி கடித்துவிட்டுப் போனதுபோல.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு மூலைப் போர்டின்மேல் வைத்தேன். கோடு முழுதாக இருந்தால் மீட்டர் ‘கீ’ என்று கத்தும். அது வாயைத் திறக்கவில்லை.

“எத்தன தகடு போட்டாலும் அதே நாலு மூலதான் போகுது. சாயங்காலம் பார்சல் வண்டி வந்திரும். கோயம்புத்தூர்க்காரன் கையில நல்ல தகடு போய்ச் சேரலன்னா இந்த ரூமப் பூட்டிருவேன் பாத்துக்கோ. கடலைமிட்டாய் பாக்கெட் போடுதவன் ஷெட்டக் கேட்டு நடையா நடக்கான். குடுத்திருவேன். நான் சும்மா மெரட்டுத ஆளு இல்லன்னு ஒனக்குத் தெரியும்.”

தெரியும். அண்ணாச்சி குரலை உயர்த்தினால் பயப்பட வேண்டியதில்லை. தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும். அன்றைக்கு மிகவும் தாழ்வாகப் பேசினார்.

வெயிலும் வளையலும்

சென்ற வாரம் இந்தத் தொடரை, டிப்ளமோ சான்றிதழோடு நான் பஸ் ஏறியதில் நிறுத்தியிருந்தேன். அந்த பஸ் என்னைக் கோவில்பட்டியில் இறக்கிவிட்டது. டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த ஹமீது அண்ணாச்சி, ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் சர்க்யூட் போர்டு செய்ய ஆரம்பித்திருந்தார். நான் அவருடைய முதல் ‘படித்த ஆள்’. பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். எப்போதும்வென்றான் என்றேன். “பேரப் பாரு! தோத்துட்டு வந்து நிக்கப்படாது, என்னம்மா?” என்றார். அதுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ.

ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: ‘சர்க்யூட் போர்டில் அந்தக் கோடுகளை யார் வரைகிறார்கள்? பேனாவாலா?’ நல்ல கேள்வி. நானும் பள்ளியில் படிக்கும்போது பேனா என்றுதான் நினைத்திருந்தேன்.

வரைவது வெளிச்சம். செம்பு ஒட்டிய தகட்டின்மேல் நீல நிறத்தில் ஒரு மெல்லிய படலத்தைச் சூடான உருளையால் ஒட்டுவோம். அதன்மேல் ஒரு பெரிய ஃபிலிமை வைப்போம். பழைய கேமரா ஃபிலிம்போலத்தான், தலையணை உறை அகலத்துக்கு இருக்கும். ஃபிலிம் முழுக்கக் கறுப்பு. கோடுகள் மட்டும் கண்ணாடிபோல இருக்கும். மேலிருந்து புறஊதா வெளிச்சத்தை அடித்தால், கோடுகள் வழியாக இறங்கிய இடத்தில் நீலப் படலம் இறுகிவிடும். மற்ற இடமெல்லாம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால் போய்விடும். அப்புறம் தகட்டை அமிலத்துக்குள் விட்டால், நீலம் மூடிக் காத்த செம்பு நிற்கும். மூடாத செம்பு கரைந்துவிடும். கடைசியில் நீலத்தையும் உரித்துவிட்டால், நிற்கிற செம்புதான் கோடு.

இதை அங்கே வேலைக்கு வந்த பெண்களிடம் நான் படம் போட்டுச் சொன்னபோது யாருக்கும் ஏறவில்லை. அவர்களில் ஒருத்தி தன் வளையலை மேலே தள்ளிக் கையைக் காட்டினாள்.

“ஏட்டி, இங்கன பாருங்க. காட்டுல களை வெட்டுதோம். வெயில் பட்ட தோலு கறுத்துப் போகுது. வளையலுக்கு அடியில வெளுத்துக் கெடக்கு. அதே சங்கதிதான். வெயில் பட்ட எடம் நிக்கும், படாத எடம் கழுவிப் போயிரும். மேடம் அதத்தான் இவ்வளவு நேரமா இங்கிலீஸ்ல சொல்லுதாவ.”

அப்படிச் சொன்னவள் என் அம்மா. பெயர் வேலம்மா.

மேடமும் மேடத்தின் அம்மாவும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான். இதை எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது. அப்பாவுக்குக் கம்பும் உளுந்தும் தெரியும். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் தெரியும். பெட்டி ஒட்டி, லேபிள் ஒட்டி, குச்சி அடைத்துப் பழகிய கை அவளுடையது. நீலப் படலத்தைக் குமிழி விழாமல் தகட்டில் ஒட்ட அந்தக் கையைவிட நல்ல கை எனக்குக் கிடைக்காது என்று நான்தான் அண்ணாச்சியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். தீப்பெட்டி ஆபீசில் அவளோடு இருந்த இன்னும் சிலரும் பின்னாலேயே வந்தார்கள். அவர்களில் வாய் அதிகமுள்ளவள் சண்முகக்கனி.

வேலை நேரத்தில் அம்மா என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி மரியாதை, மீதி கேலி. “மேடம், நீங்க காலைல சாப்பிட்ட தட்ட யாரு கழுவுவா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் பாடப்புத்தகங்களில் முதலில் கை வைத்தவள் அவள்தான். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும் புதுப் புத்தகங்களை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு, மஞ்சளைக் குழைத்து முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் வைப்பாள். புதுச் சேலை, புதுப் பாவாடை, எதுவானாலும் மஞ்சள் வைக்காமல் தொடவிட மாட்டாள். ஒரு டீச்சர் என் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டு, “யாருக்குட்டி கல்யாணம்? பத்திரிகை கொண்டாந்திருக்கே?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் அந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மஞ்சள் அறை

ஃபிலிமை வைத்து வெளிச்சம் அடிக்கிற வேலை நடப்பது மஞ்சள் அறையில். சாதாரண டியூப் லைட் வெளிச்சம் பட்டாலே நீலப் படலம் இறுக ஆரம்பித்துவிடும். அதனால் அங்கே எல்லா விளக்குக்கும் மஞ்சள் உறை. ஜன்னலுக்கும் மஞ்சள் தாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆனால் கண் பழகிவிடும். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்புச் சேலை வேறு ஏதோ நிறமாகிவிடும். “உள்ள வந்தா எல்லாரும் ஒரே நெறம். பவுடர் காசு மிச்சம்” என்பாள் சண்முகக்கனி.

பவுடர் போடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது. கரிசல் புழுதியை வாசலிலேயே தட்டிவிட்டு, தலையை மூடிக்கொண்டு, கையுறையோடுதான் உள்ளே வர வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் மண் இல்லாத நாள் கிடையாது. ஒரு தூசி ஃபிலிமின் கோட்டில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் இறங்காது, கோடு அறுந்துவிடும்.

முன்பெல்லாம் யாரோ வரைந்த படத்தை வைத்து லைட்டுகளுக்குச் சின்ன போர்டுகள் செய்துகொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் செய்கிற ஒரு கம்பெனி, மாதிரி கேட்டது. தேறினால் தொடர்ந்து வேலை. அந்த போர்டை முழுக்க முழுக்க நான் வரைந்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோடாக இழுத்தேன். தகட்டில் இடம் வீணாக்காதே என்று அண்ணாச்சி சொன்னதால் விளிம்புவரை போர்டுகளை அடுக்கினேன். வெளியூரில் கொடுத்து ஃபிலிம் எடுத்து வரவழைத்தோம். நான் வரைந்த முதல் ஃபிலிம். அதை உருளைக் குழாயிலிருந்து உருவி மேசையில் விரித்தபோது, சுற்றி நின்ற பெண்கள் கையுறைக் கைகளால் தட்டினார்கள். சத்தமே வரவில்லை.

மறுநாள் காலை முதல் தகடு. மூலைக்கு ஒன்றாக நான்கு செத்த போர்டுகள்.

லேம்ப் போச்சுங்க

வெளிச்சம் அடிக்கிற மெஷினை விற்ற கோயம்புத்தூர் இன்ஜினியருக்குப் போன் போட்டோம். அண்ணாச்சி ஸ்பீக்கரில் வைத்தார்.

“நாலு மூலையிலயும் மட்டும்தானுங்களே போகுது? அப்ப லேம்ப் போச்சுங்க. நடுவுல வெளிச்சம் இருக்கும், ஓரத்துல பத்தாதுங்க. புது லேம்ப் அனுப்பி வெக்கறேனுங்க, அடுத்த வாரம் வந்துருமுங்க.”

“அடுத்த வாரமா? எனக்கு இன்னைக்குச் சாயங்காலம் வேணும்.”

“அதுக்கு நானென்னங்க பண்றது?”

அண்ணாச்சி போனை வைத்தார். சண்முகக்கனி மட்டும் மெதுவாக, “கடலைமிட்டாய்னா திங்கவாவது செய்யலாம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். எனக்கு அவள் சேலையில் எப்போதும் இருந்த தீப்பெட்டி மருந்து வாசனை ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாசனை போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அறை பூட்டினால் இவர்கள் எல்லோரும் திரும்ப அங்கேதான் போக வேண்டும். வரவழைத்தவள் நான்.

“மத்தியானம் வரைக்கும் எனக்கு விடுங்க அண்ணாச்சி” என்றேன்.

“விட்டா?”

“லேம்ப் நல்லாத்தான் இருக்குன்னு காட்டுதேன்.”

எனக்கு அப்போது அது தெரியாது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்துவிட்ட பிறகு அதை உண்மையாக்குவதுதான் வேலை.

பாதி நேரம்

முதலில் தூசியா என்று பார்த்தேன். தூசி ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு இடத்தில் விழும். இப்படி மூலை பார்த்து உட்காராது.

ஃபிலிமைத் தகட்டோடு இறுக்க உள்ளே காற்றை உறிஞ்சுகிற ரப்பர் ஓரத்தில் கசிகிறதா? கசிந்தால் ஃபிலிமுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் பரவிக் கோடு தடிக்கும். எங்களுடையது தடிக்கவில்லை, அறுந்திருந்தது. ரப்பரும் இல்லை.

ஃபிலிமைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே நான்கு மூலை. “இன்ஜினியர் சொன்னதுதான் சரி” என்றார் அண்ணாச்சி. எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. திருப்பினால் கோளாறும் இடம் மாற வேண்டும். மாறவில்லையென்றால் கோளாறு மெஷினில். புத்தகம் அப்படித்தான் சொல்லும்.

ஆனால் நான்கு மூலையிலும் ஒரே மாதிரிக் கோளாறு ஃபிலிமிலேயே இருந்தால்? எப்படித் திருப்பினாலும் அது மூலையில்தானே வந்து நிற்கும்?

“அம்மா, ஒரு புதுத் தகட்டுல படலம் ஒட்டு. ஃபிலிம் வேண்டாம்.”

“ஃபிலிம் இல்லாமலா மேடம்?”

“வெறுந்தகடு. ஒட்டித்தா.”

வெறும் நீலத் தகட்டை மெஷினில் வைத்தேன். வழக்கமான நேரத்தில் பாதிதான் வெளிச்சம் அடித்தேன். லேம்ப் உண்மையிலேயே ஓரத்தில் சோர்ந்திருந்தால், பாதி நேரத்தில் மூலைகளில் நீலம் இறுகாது, கட்டாயம் கழுவிப் போய்விடும். சோடாத் தண்ணீரில் விட்டு எடுத்தேன்.

தகடு முழுக்க நீலம். மூலையிலும் நீலம். நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை.

“லேம்ப் நல்லாருக்கு அண்ணாச்சி!”

“அப்பம் என்னதாம்மா?”

“ஃபிலிம்.”

ஃபிலிமை, அடியிலிருந்து வெளிச்சம் வருகிற விளக்கு மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து மூலை மூலையாகப் பார்த்தேன். கோடுகள் அத்தனையும் கண்ணாடிபோலத் தெரிந்தன. ஒன்றுமே இல்லை. தூசி எடுக்கிற பசை உருளையை அதன்மேல் உருட்டிப் பார்த்தேன். தூசியும் இல்லை. அண்ணாச்சி மணியைப் பார்த்துவிட்டு வெளியே போனார். கடலைமிட்டாய்க்காரருக்குப் போன் போடத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த விளக்கு மேசைக்கும் மஞ்சள் உறைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அறையில் நான் எதைப் பார்த்தாலும் மஞ்சள் வழியாகத்தான் பார்க்கிறேன்.

ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு கதவைத் தள்ளி முற்றத்துக்கு ஓடினேன்.

முற்றத்து வெயிலில்

வெளியே வந்ததும் கண் கூசியது. ஃபிலிமை இரண்டு கையாலும் விரித்துச் சூரியனுக்கு நேரே தூக்கினேன்.

கறுப்புக்கு நடுவே வெள்ளையாகத் தெரிய வேண்டிய கோடுகள், நான்கு மூலையிலும் விரல் அகலத்துக்குப் பொன் நிறத்தில் தெரிந்தன.

எனக்கு என் கணக்குப் புத்தகம் தெரிந்தது.

“அம்மா!”

பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். “என்ன மேடம்?”

“இது என்னம்மா?”

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “அடி ஆத்தி, பிடிச்சிருக்கே!”

“என்ன பிடிச்சிருக்கு?”

“மஞ்சள்தான்ட்டி. காலைல நான்தான மொதல்ல வந்தேன். ஒன் மொதப் படம், சும்மா எடுக்கக் கூடாதுன்னு மாரியம்மன் கோயில் மஞ்சளக் கொழைச்சு வச்சேன். உள்ள வச்சா கண்ணுக்குத் தெரியவே இல்ல. ஒட்டலையோன்னு ரெண்டாம் தடவையும் அழுத்தி வச்சேன். தூளத் தொடச்சிட்டுத்தான் வந்தேன். இப்பம் பாரு, எப்படிப் பிடிச்சிருக்கு!”

சண்முகக்கனிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு மெல்ல இறங்கியது.

“ஏட்டி... இதனாலயா?”

எங்கள் விளக்குகளுக்கு மஞ்சள் உறை மாட்டியிருப்பதே, படலத்தை இறுக்குகிற வெளிச்சத்தை அது விழுங்கிவிடும் என்பதால்தான். அம்மா என் ஃபிலிமின் நான்கு மூலையிலும் அதே உறையை, இரண்டு தடவை அழுத்தி, மாட்டிவிட்டிருக்கிறாள். அந்த அறைக்குள் எத்தனை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அது தெரியாது.

“பூ கூடாதுன்னியே, பவுடர் கூடாதுன்னியே. மஞ்சள் கூடாதுன்னு நீ சொல்லலையே” என்றாள் அம்மா. “அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிருதேன். என்ன நிறுத்தச் சொல்லு. ரூமப் பூட்ட வேண்டாம்னு சொல்லு.”

“யாரையும் நிறுத்த வேண்டாம். நீ போய்ப் படலம் ஒட்டு. தகடு வேணும் எனக்கு. ஓடு!”

ஃபிலிம் துடைக்கிற ஸ்பிரிட்டை நூல் உதிராத துணியில் நனைத்து, வெயிலிலேயே நின்று, கறுப்பு மருந்து பூசாத பக்கத்தில் மெதுவாகத் துடைத்தேன். துணி மஞ்சளானது. கோடுகள் வெளுத்தன. ஒவ்வொரு மூலையாகச் சூரியனிடம் காட்டிச் சரி பார்த்துக்கொண்டேன்.

அம்மா அன்றைக்கு ஒட்டியதுபோல ஒரு படலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவ்வளவு இழுத்து, அவ்வளவு சமமாக. வெளிச்சம் அடித்தோம். கழுவினோம். அமிலத்திலிருந்து தகடு வெளியே வந்தபோது எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடியே வந்து நின்றார்.

நீலத்தை உரித்துவிட்டு மீட்டரை மூலைப் போர்டில் வைத்தேன்.

கீ.

அடுத்த மூலை. கீ. அதற்கடுத்தது. கீ. கடைசி மூலையில் வைத்து, எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். ஷெட் முழுக்க அது கத்திக்கொண்டே இருந்தது. அதைவிட நல்ல நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி போனில், “ஷெட்டு இல்லப்பா. வேற எடம் பாத்துக்கோ” என்றார்.

அப்புறம் காரணத்தைக் கேட்டார். சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“வேலம்மாக்கா, நாளைக்கு நான் புதுசா வண்டி எடுக்கேன். மஞ்சள் அதுக்கு வைங்க, எவ்வளவு அழுத்தி வேணும்னாலும் வைங்க. ஃபிலிம மட்டும் விட்டுருங்க.”

பார்சல் வண்டி போன பிறகு கோயம்புத்தூர் இன்ஜினியர் தானே போன் செய்தார். “லேம்ப் அனுப்பட்டுங்களா?”

“வேண்டாம் சார். லேம்ப் நல்லாருக்கு.”

“அப்புறம் என்னங்க பண்ணுனீங்க?”

“வெயில்ல காட்டினேன்” என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. கொஞ்சம் திமிர்தான். அன்றைக்கு அது எனக்குப் பொருத்தமாக இருந்தது.

நான்கு வட்டங்கள்

மாதிரி தேறியது. வேலை வந்தது. இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் அறையில் இப்போது பெண்கள் பெருகிவிட்டார்கள்.

அடுத்த ஃபிலிமை வரையும்போது தகட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டேன். போர்டுகளை வெட்டி எடுத்தபின் கழிவாகப் போகிற விளிம்பு அது. அந்த விளிம்பின் நான்கு மூலையிலும் ஒரு சின்ன வட்டம் போட்டேன். உள்ளே ஒரு கோடும் ஓடாத வெறும் வட்டம். “இடம் வீணாகுதே” என்றார் அண்ணாச்சி. காரணத்தைச் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, “அந்த நாலு வட்டம் எதுக்குங்க மேடம்? அளவு பார்க்கவா?” என்று கேட்டாள். “அம்மா மஞ்சள் வைக்க” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “எங்கம்மாவும் வைப்பாங்க” என்றாள்.

அண்மையில் அண்ணாச்சி ஒரு லேசர் மெஷின் வாங்கினார். வேறு ஊரில் ஓடிய பழைய மெஷின்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இதற்கு ஃபிலிமே வேண்டாம். கம்ப்யூட்டரில் நான் வரைந்த கோட்டை லேசர் நேராகத் தகட்டின்மேல் எழுதிவிடும்.

பெட்டியைப் பிரித்த அன்று அம்மா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “ஃபிலிம் இல்லன்னா, மஞ்சள் எங்கனட்டி வைக்க?”

“பொறு” என்றேன்.

முதல் தகடு கழுவி, அமிலம் தாண்டி, காய்ந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவோடு முற்றத்துக்கு வந்தேன். புதுச் செம்பு வெயிலில் மின்னியது. கோடுகள் அத்தனையும் முழுசாக இருந்தன. விளிம்பில் நான்கு மூலையிலும் நான்கு வட்டங்கள் காத்திருந்தன.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே ஒரு தடவை வைத்தாள். தகட்டைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“இப்பம் நல்லாத் தெரியுதுட்டி” என்றாள்.